நீ தேர்ந்தெடுத்த ஹெட்டும் நான் தேய்த்த எட்டு வால்வும்

கண்ணு,

கோயமுத்தூருக்குக் கொண்டுபோகிற பெட்டியில் நட்டு முடுக்குகிற டார்க் ரெஞ்சுக்கு இடம் பண்ணிவிட்டு, நான் வைத்த போர்வையை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறாய். நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. போர்வையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அதற்கு அடியில் இந்தக் கடிதத்தையும் வைக்கப் போகிறேன். அங்கே போய்ச் சேர்ந்து, ரூமில் கொசு இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் படி. நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் என் சங்கதி உனக்குத் தெரியும். நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால் பாதி வழியில் அது திட்டாக மாறிவிடும். உன் அப்பாவிடம் முப்பது வருஷமாக அப்படித்தான். ரேஸ் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிற இடத்தில் உன்னைத் தேடிக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை ஒரு தடவையாவது திட்டு கலக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதோடு, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. அது கடைசியில் வரும். அதற்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நாளைக்கு உனக்கு வரப்போகிறவள் இந்தக் கடிதத்தைப் படித்தாலும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே தங்கம் எடுத்துக்கொண்டிருந்த மைன்ஸ் மூடினபோது உனக்கு மூன்று வயது. உன் அப்பாவுக்கு ஷிஃப்ட் இல்லாமல் போன அந்த வருஷமே நான் மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூர் போக ஆரம்பித்தேன். ஹெட் ரிப்பேர் பண்ணுகிற பட்டறையில் வேலை. சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினுக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற உலோகக் கட்டி. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழியும், புகை வெளியே வருகிற வழியும் அதில்தான் இருக்கின்றன. அந்த வழிகளுக்குக் கதவுதான் வால்வு. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எஞ்சினுக்குள் மூச்சு தங்காது. சாத்த வைப்பது என் வேலை. வால்வின் விளிம்பில் அரைக்கிற பசையைத் தடவி, நுனியில் ரப்பர் வைத்த குச்சியை அதில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வும் அது உட்காருகிற வளையமும் ஒன்றை ஒன்று தேய்த்து ஒட்டி வரும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்போம். கசியாவிட்டால் ஹெட் மேலே சாக்பீஸால் ஒரு டிக். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் குச்சியை உருட்டியிருக்கிறேன். போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டேன். குச்சியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், யாரையும் கேட்கவில்லை.

இவ்வளவு வருஷம் ஹெட்டோடு குடும்பம் நடத்தினவள், நீ சர்வீஸ் சென்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்தில் ஷீட் போட்டு எஞ்சின் கட்டப் போகிறேன் என்றபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன பண்ணினேன்? ஒரு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பையன் என்ன பண்ணுகிறான் என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆட்டோமொபைல் கம்பெனியில கீறான்" என்று சொன்னேன். ஒரு நாள் நீ பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். நீ கையில் கிரீஸோடு, "ஆமாங்க ஆன்ட்டி, பெரிய கம்பெனி, நான்தான் எம்.டி." என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் டாக்டரம்மா வந்தார்கள். கோலாரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மண் மைதானத்தில் கோன்களைச் சுற்றிக் கார் ஓட்டுகிறவர் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. நம் சந்துக்குள் அந்த வெள்ளைக் காரைத் திருப்பி ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினதைப் பார்த்த பிறகு நம்பினேன். உன் பேரில் நீ கட்டப்போகிற முதல் எஞ்சின் அது. அதற்கு முன்னால் மற்றவர்கள் கட்டினதற்கு நட்டு முடுக்கியிருக்கிறாய், அவ்வளவுதான். அது சரியாக வந்தால் நாலு பேர் வருவார்கள். வராவிட்டால் நம் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற பையனை யாரும் தேடி வரப்போவதில்லை. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றும் கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கும் தெரியும்.

காரோடு வந்த ஹெட் பழசாகி, ஒரு இடத்தில் விரிசலும் விட்டிருந்தது. வெளியார் செய்த புது ஹெட் வாங்கிப் போடலாம் என்றார்கள். இரண்டு வெளிநாட்டுப் பட்டறைகள் அந்த எஞ்சினுக்கு ஹெட் செய்கின்றன என்று நீ இரண்டு காகிதங்களை அச்சடித்து எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாய். ஒன்றில் துளைகளும் பெரிசு, வால்வுகளும் பெரிசு, காற்று போகிற அளவும் பெரிசு. இன்னொன்றில் எல்லாமே ஒரு சுற்றுச் சின்னது. டாக்டரம்மாவோடு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பெரிய ஹெட்டையே சொல்லியிருந்தார்கள். நீ என்னைக் கேட்டாய். இத்தனை வருஷ சர்வீஸ் இருக்கிறதே, நானும் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

"பெருசு கெடைக்கிறப்போ சின்னது இன்னாத்துக்குடா?"

நீ எழுந்து பின்பக்கம் போய் வெந்நீர் அடுப்பிலிருந்து ஊதுகுழலை எடுத்துவந்தாய். "இது ஏம்மா இவ்ளோ ஒல்லியா கீது? இதுக்கு பதிலா சாக்கடை பைப்பை வெச்சி ஊதிப் பாரேன். நெருப்பு புடிக்குதா பாக்கலாம்."

"டேய், நான் ஊதறது அடுப்பு. உன்னுது காரு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எஞ்சின் மெதுவா சுத்தறப்போ கொஞ்சம் காத்துதான் இழுக்கும். வழி பெருசா இருந்தா அந்தக் கொஞ்சம் காத்து சோம்பேறியா நடந்து வரும். ஒல்லியா இருந்தா ஓடி வரும். ஓடி வந்தாதான் பெட்ரோல் கூட நல்லா கலக்கும்."

வால்வு சாத்துவதைப் பற்றி என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். திறந்திருக்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ அடுத்ததாக அந்தப் பெரிய ஹெட் காகிதத்தில் கடைசி வரியைக் காட்டினாய். அவர்கள் பெருமையாகப் போட்டிருந்த எண், வால்வைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் திறந்து வைத்து அளந்தது. நம் எஞ்சினில் வால்வைத் திறக்கிற கேம் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் தள்ளாது. "தொறக்கவே தொறக்காத கதவு வழியா எத்தினி பேர் போவாங்கன்னு எழுதி கீறாங்கமா" என்றாய். ஒன்பதுக்குக் கீழே இரண்டு காகிதத்தையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல இடத்தில் சின்ன ஹெட்டே முன்னால் இருந்தது. பெரிய வால்வு சிலிண்டர் சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுவதால் அந்தப் பக்கமாகக் காற்று நுழைய இடமில்லை என்று கோடு போட்டும் காட்டினாய். கடையில் தராசு முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் நான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுகிறது வேறு ஒன்று. டாக்டரம்மாவிடம் எவ்வளவு பவர் வேண்டும் என்று நீ கேட்கவே இல்லை. எந்த வளைவில் நேரம் போகிறது என்று கேட்டாய். அவர்கள் காருக்குள் போன் வைத்து எடுத்த வீடியோக்களை வாங்கி, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு நொடியும் எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற முள் எங்கே நிற்கிறது என்று குறித்தாய். மூன்று நாள். நான் தோசை கொண்டுவந்து வைத்தால் அது காய்ந்து அப்பளமாகும், நீ "மூவாயிரத்து எட்நூறு, நாலாயிரத்து எறநூறு" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாய். கடைசியில் தாளை என்னிடம் நீட்டினாய். புள்ளிகளெல்லாம் நடுவில் கூட்டமாக இருந்தன. மேலே, அந்தப் பெரிய ஹெட் கண் விழிக்கிற இடத்தில், ஏழெட்டுப் புள்ளிதான். "இந்தக் காரு எங்க வாழுதோ அதுக்குத்தாம்மா ஹெட் வாங்கணும். எங்க போய் போட்டோ புடிச்சிக்குதோ அதுக்கு இல்ல" என்றாய்.

அதையே டாக்டரம்மாவிடமும் சொன்னாய். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. எல்லாரும் சொல்கிற பெரிய ஹெட்டை வாங்கிப் போட்டிருந்தால் உனக்கு எந்த ஆபத்தும் இல்லை. சரியாக ஓடாவிட்டால் ஹெட்டைக் குறை சொல்லிவிடலாம். அந்த வழியை நீயே அடைத்துக்கொண்டாய். அவர்கள் காலண்டர் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஆய்த்து. நீ சொல்றதுக்காக வாங்கறேன். தப்பா போச்சுன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றார்கள். நீ தலையாட்டினாய்.

உனக்கு ஆறாம் வகுப்பில் நான் வாங்கிக் கொடுத்த கான்வாஸ் ஷூ ஞாபகம் இருக்கிறதா? வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிசாக வாங்கி, முன்னால் துணியை அடைத்துக் கொடுத்தேன். ஸ்போர்ட்ஸ் டே அன்று பாதி ஓட்டத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் சாக்ஸோடு ஓடி நாலாவதாக வந்தாய். நான் சாக்ஸ் கிழிந்ததற்கு அடித்தேன். சட்டை, செருப்பு, சைக்கிள், படிப்பு என்று உனக்கு நான் தேர்ந்தெடுத்தது எல்லாமே உனக்கு ஒரு சுற்றுப் பெரிசுதான். அன்றைய உன் காலை நான் அளந்து பார்த்ததே இல்லை. என்றைக்கோ ஆகப்போகிற காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புதான், கண்ணு. அந்த அடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹெட் வந்தது. முன் அறைக் கட்டிலில் சலவை செய்த பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் பிள்ளை மாதிரி படுக்க வைத்தாய். பெட்டியில் எழுதியிருந்த எந்த அளவையும் நீ நம்பவில்லை. வால்வுகள் உட்காருகிற குழியின் கொள்ளளவைப் பார்க்க, டாக்டரம்மாவிடமே ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிவந்து, துளை போட்ட கண்ணாடித் தகட்டை மேலே ஒட்டி, சொட்டுச் சொட்டாக நிரப்பி அளந்தாய். நாலு குழியும் ஒரே அளவு வரும்வரை விடவில்லை. வால்வு திறந்து கீழே வரும்போது பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க, பல் அச்சு எடுக்கிற மாவை பிஸ்டன் மேலே வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, பதிந்த மாவை பிளேடால் அறுத்து அதன் தடிமனை அளந்தாய். டாக்டரம்மா அதைப் பார்த்து, "என் பேஷன்ட் கூட இவ்ளோ ஒழுங்கா கடிக்க மாட்டாங்க" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் அவர்கள் முகம் தெளிந்தது. பிறகு வால்வுகளை எல்லாம் கழற்றி, எது எந்த இடத்துக்கு என்று எண் போட்ட அட்டையில் குத்தி வைத்தாய். போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ காலை ரயிலில் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் வாங்க பெங்களூர் போனாய். நான் தலைவலி என்று பொய் சொல்லி உன் அப்பாவை மட்டும் கோயிலுக்கு அனுப்பினேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். கட்டிலில் அந்த ஹெட்டைப் பார்க்கப் பார்க்க என் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் பட்டறையில் புதுசோ பழசோ, வால்வு தேய்க்காமல் ஒரு ஹெட் வெளியே போனதில்லை. மகன் கட்டுகிற முதல் எஞ்சினில் அம்மா கை படாமல் இருப்பதா? குச்சியை எடுத்தேன், பசை டப்பாவைத் திறந்தேன். காற்று உள்ளே போகிற பக்கத்து வால்வுகள் எட்டு. ஒவ்வொன்றையும் உட்கார வைத்து, உருட்டி, தூக்கி, திருப்பி உருட்டி, பளிச்சென்று இருந்த விளிம்பில் சாம்பல் வளையம் வரும்வரை தேய்த்தேன். சபையில் அந்நேரம் பாட்டு ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்து நானும் பாடிக்கொண்டே தேய்த்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

நீ மதியம் வந்தாய். நான் சொல்வதற்கு முன்னால் பார்த்துவிட்டாய். ஒரு வால்வை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாய். இன்னொன்று. எட்டையும் பார்த்தாய். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாய்.

"அம்மா, இது கோட்டிங் போட்ட வால்வுமா. இத தேய்க்கக் கூடாது."

தலைமுடியைவிட மெல்லிசான ஒரு பூச்சு. அது இருக்கும்வரைதான் விளிம்பு அந்தச் சூட்டைத் தாங்கும். என் பசை அதைச் சுரண்டி எடுத்துவிட்டது. அந்த வெளிநாட்டுப் பட்டறையில் நூலளவுக்கு நறுக்கென்று வெட்டி அனுப்பியிருந்த வளையங்களையும் நான் அகலப்படுத்திவிட்டேன். புது வால்வு கப்பலில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நீ கத்தியிருக்கலாம். நான் உன் இடத்தில் இருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் கை கூசுகிறது. எழுதுகிறேன். "ஒரு ரேஸ்தானேடா, அது வரைக்கும் தாங்கும். அப்பறமா வால்வு வந்ததும் மாத்திக்கலாம். யாரு தொறந்து பாக்கப் போறாங்க?" என்றேன். உன் அப்பா கோயிலிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னாமே பேசற? எங்கள மைன்ஸுக்குள்ள எறக்கற கேஜ் கூண்டுக் கயித்தைப் பாக்கறவன் பாக்காமலே ஓக்கேன்னு கையெழுத்து போட்டிருந்தா, நான் இன்னிக்கு இங்க நின்னுக்கினு இருப்பனா?"

நீ வந்த சட்டையைக்கூட மாற்றாமல் போனை எடுத்தாய். டாக்டரம்மா குரல் எனக்கும் கேட்டது. நீ சொன்னாய், "டாக்டரம்மா, என் எடத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு. இன்டேக் வால்வு எட்டும் போச்சு. இத போட்டு நான் உங்கள ரேஸுக்கு அனுப்ப மாட்டேன். வளையத்த திருப்பி வெட்டிட்டு, புது வால்வு வந்ததும் போட்டுத் தரேன்." யார் செய்தது என்று அவர்கள் கேட்டார்கள். "என் கடையில நடந்தது டாக்டரம்மா, அப்ப நான்தான்" என்றாய். பிறகு, "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்கள். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். அழுதேன் என்று உனக்குத் தெரியாது. வெங்காயம் நறுக்கினேன் என்று உன் அப்பாவுக்குச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். வண்டியை எடுத்துப் போகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் உட்காருவதற்கு முன்னால் நானே, "இவன் இல்லீங்க, நான்தான்" என்றேன். அவர்கள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். "எனக்கு ரொம்ப கோவம்தான்மா. ஆனா இந்தப் பையன் சொல்லாம விட்டிருந்தா எனக்கு தெரிஞ்சே இருக்காது. அத யோசிச்சுக்கிட்டேதான் நாலு நாள் இருந்தேன்" என்றார்கள். வண்டி இங்கேயே நின்றது. அந்தப் போட்டி போனது. புது வால்வு வந்து, வளையங்களை நீ மறுபடி வெட்டி, எல்லாவற்றையும் மாட்டின அன்று மண்ணெண்ணெய் டப்பாவை என் கையில் கொடுத்து, "கசியுதான்னு நீ சொல்லுமா, நீ சொன்னாதான் மூடுவேன்" என்றாய். மூன்றாவது குழியில் லேசாக ஈரம் இருந்தது. சொன்னேன். கழற்றி மறுபடி செய்தாய். அடுத்த போட்டியில் டாக்டரம்மாவுக்குக் கோப்பை ஒன்றும் வரவில்லை. ஆனால் நீ சொன்ன அந்த வளைவுகளில் கார் கேட்டதும் இழுத்தது, தன் பழைய நேரத்தை நன்றாகவே முந்தினார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் காரைப் பற்றிக் கேட்டபோது டாக்டரம்மா ஹெட்டைப் பற்றிச் சொன்னதைவிட நீ அன்றைக்குப் பண்ணின போனைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்களாம்.

இப்போது அந்த விஷயம். பட்டறையில் என்னோடு ராமண்ணா என்று ஒருவர் இருந்தார். வால்வு வளையம் வெட்டுகிறவர். அவர் வெட்டுவார், நான் தேய்ப்பேன், நானே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்து டிக் போடுவேன். ஒரு சாயங்காலம் ஒரு வேனின் ஹெட். கடைசி வால்வை அரைகுறையாகத்தான் தேய்த்திருந்தேன், மண்ணெண்ணெய் வேர்த்த மாதிரி கசிந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டிக் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு வாரத்தில் வேனை இழுத்துக்கொண்டு வந்தார்கள், அந்த வால்வு வெந்து போயிருந்தது. முதலாளி, வளையம் வெட்டினது சரியில்லை என்று எல்லார் முன்னாலும் ராமண்ணாவைத் திட்டி வேலையை விட்டு அனுப்பினார். சாக்பீஸ் என் கையில் இருந்தது. நான் தலையைக் குனிந்து அடுத்த வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. நீ டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அன்றைக்கு ராமண்ணாவின் ஊரான மாலூரில் இறங்கினேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேலையில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் "இன்னா அக்கா, இத்தினி தூரம்?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "நான்தான் தப்பா வெட்டிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அக்கா. வேற எடத்துல கூப்டாங்க, போவல. கட்டர புடிச்சாலே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணு, எட்டு வால்வையும் பார்த்த பிறகு நீ போனை எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. அதற்குள் ஒரு நல்ல வேலைக்காரன் தன் கையையே நம்பாமல் போய்விட்டான்.

அம்மா